ஜானவாசத்துக்கு மாற்றிய பிளக்குகள்

ரஷீதின் வலது கால் போனதற்கு நான்தான் காரணம். அவன் அண்ணன் ஹமீது அல்ல. நான்!

இந்த வாக்கியத்தை எழுத எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாத உங்களிடம்! இதிலேயே என் யோக்கியதை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"பாவம், மனம் திறந்து சொல்கிறாரே" என்று உச்சுக் கொட்டிவிடாதீர்கள். எனக்கு அது பிடிக்காது. கடைசி வரை படியுங்கள், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். அதற்குத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ரங்கராஜன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பிறந்தவன். பாலக்கரையில் ஹமீதும் நானும் கூட்டாக ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தோம். யுத்த காலத்தில் விமான நிலையத்தில் இருவரும் சேர்ந்து ஸ்பானர் பிடித்தவர்கள். ஐயங்கார் வீட்டுப் பிள்ளை நகத்தில் கிரீஸோடு காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வருகிறானே என்று எங்கள் வீதியில் முகம் சுளித்தார்கள். பாலக்கரையிலோ, "போயும் போயும் ஒரு ஐயரோடவா கூட்டு?" என்று ஹமீதைக் கேலி செய்தார்கள்.

"ஐயர் இல்லப்பா, ஐயங்காரு. சொன்னா கரெக்டா சொல்லணும்" என்பான் ஹமீது.

அவன் அடக்கமானவன் அல்ல. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தன் கைராசியைப் பற்றித் தானே பேசுவான். உரத்த குரல், உரத்த சிரிப்பு. அவன் தம்பி ரஷீதுதான் எங்கள் ஓட்டுநர். எதைக் கொடுத்தாலும் ஓட்டுவான். வளைவில் அவன் காரைத் திருப்புகிற அழகைப் பார்க்கவே பட்டறைக்கு ஆள் வருவார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் முடித்து மூடிய வேலையை மற்றவன் திறந்து பார்க்கக் கூடாது. கார்ப்புரேட்டர், ஜெட், குழாய் எல்லாம் ஹமீதுடையது. மின்சாரம், பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், டைமிங் எல்லாம் என்னுடையது. "நீ மூடினா மூடினதுதான்" என்பான். திறந்து பார்ப்பது சந்தேகப்படுவதாகும், சந்தேகப்பட்டால் பிறகு கூட்டு எதற்கு என்பது அவன் கட்சி. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் கார்ப் பந்தயம் நடத்த ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்களிடம் ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு பழைய திறந்த கார் இருந்தது. ஹமீதுக்கு வெறி பிடித்துவிட்டது. புதுக் கார்களை எல்லாம் இந்தக் கிழட்டுக் காரை வைத்தே தோற்கடிக்க வேண்டும்!

அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் வாயு. பல் டாக்டர்கள் மயக்கம் கொடுக்க வைத்திருக்கும் சிரிப்பு வாயு... நைட்ரஸ். உயரத்தில் பறக்கும் விமானங்களில் இன்ஜினுக்கு அதைச் செலுத்துவதுண்டு என்று ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட் அவனுக்குச் சொல்லியிருந்தான். அவன் மறக்கவில்லை. பட்டணத்தில் யார் யாரையோ பிடித்து ஒரு சிலிண்டர் வாங்கிவந்தான். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு வால்வு, அங்கிருந்து செம்புக் குழாய், கூடவே அந்த நேரத்துக்கு அதிகப் பெட்ரோல் ஊற்ற ஒரு தனி ஜெட். எல்லாம் அவன் கைவேலை.

சமயபுரம் சாலையில் காலை வேளையில் முதல் சோதனை. ரஷீது வால்வைத் திறந்தான். அடேயப்பா! கார் துள்ளிக்கொண்டு பாய்ந்தது. அடுத்த நொடியே இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். ரஷீது உடனே வால்வை மூடிவிட்டான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நுனி உருகியிருந்தது.

என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பின்னால் "ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்" என்று நீங்கள் எனக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. வாயு போனால் பெட்ரோல் வழக்கத்தைவிட மூர்க்கமாக எரியும். சாதாரண பிளக்கின் நுனி அந்தச் சூட்டைத் தாங்காமல் அடுப்புக்கரி மாதிரி கனன்று நிற்கும். பிறகு அது பொறி வரக் காத்திருக்காது. நேரம் வரும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். மேலே ஏறி வரும் பிஸ்டன் அந்த நெருப்பில் போய் முட்டும். பிஸ்டன் ஓட்டையாகும், இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

இதற்குக் குளிர்ந்த ரகப் பிளக் வேண்டும். உள்ளே பீங்கான் மூக்கு குட்டையாக இருக்கும். சூடு நுனியில் தங்காமல் சட்டென்று இறங்கிவிடும். நான்தான் தேர்ந்தெடுத்தேன். எத்தனை படி குளிர்ந்தது வேண்டும் என்று யோசித்து, ஒன்றைப் போட்டுப் பார்த்து, போதாதென்று இன்னும் குளிர்ந்ததை வரவழைத்துப் பொருத்தினேன். மறுபடி சோதனை. சுத்தியல் சத்தம் இல்லை! ஹமீது என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இருந்த வாயு அதோடு தீர்ந்தது.

குளிர்ந்த பிளக்குக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் போனால்தான் அது தன் மேல் படியும் கரியை எரித்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் கரி அப்பிக்கொண்டு செத்துவிடும். "இதை இனிமே ஊருக்குள்ளே ஊர்ந்து ஓட்டாதேள், கரி பிடிச்சு நின்னுடும்" என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் எச்சரிக்கை கொடுத்தவன் யார் தெரியுமா? நான்! சாட்சாத் நானேதான்!

பந்தயத்துக்கு முதல் நாள் காலை என் தங்கை வேதாவுக்குக் கல்யாணம். புது சிலிண்டர் வாங்க ஹமீது பட்டணம் போயிருந்தான். அங்கிருந்து நேரே ஓடுதளத்துக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பழுப்பு நிறத் துணி போர்த்தி, காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். கல்யாணம் முடிந்ததும் ரஷீது வந்து எடுத்துப் போவான்.

கல்யாணத்துக்கு முந்தைய மாலை ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டு மாட்டி, மாலை போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம், காஸ் விளக்கு சகிதம் வீதிகளைச் சுற்றி ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். அதற்கென்று உறையூரில் ஒரு கார் பேசியிருந்தோம். அது வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது.

சம்பந்தி கும்பகோணத்துக்காரர். அவர் குதித்த குதியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"திறந்த கார் இல்லாம ஜானவாசமா? என் பிள்ளையைப் பொடிநடையா நடத்திண்டு வரப் போறேளா? பொண்ணோட அண்ணா மோட்டார் கம்பெனி வச்சிருக்கார்னு வாய் கிழியச் சொன்னேளே, எங்கே காணும் மோட்டார்?"

அப்பா கையைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தார். வேதா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். நான் போய்த் துணியை உருவினேன்.

அந்த இடத்தில் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று கேட்கலாமா? கேட்க மாட்டேன். மாப்பிள்ளையை மாட்டு வண்டியில் ஏற்றியிருந்தாலும் யாருக்கும் கால் போயிருக்காது!

நடக்கிறவர்களைவிட மெதுவாகப் போகிறது கார். முன்னால் நாதஸ்வரக்காரர் இரண்டடிக்கு ஒருமுறை நின்று வாசிக்கிறார். தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் காரில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். வடக்குச் சித்திரை வீதி திரும்புவதற்குள் இன்ஜின் இருமத் தொடங்கியது. நடுவீதியில் நின்றது. மறுபடி கிளப்பினேன். கறுப்புப் புகை கக்கிவிட்டு மறுபடி நின்றது.

எனக்குக் காரணம் தெரியும். பிளக்கெல்லாம் கரி.

சிரிப்பு கிளம்பியது. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தி காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஊருக்கே கேட்கிற குரலில், "என்ன ஓய், வண்டி ஒரு வீதி தாண்டாது போலிருக்கே! பிள்ளையாத்துக்காராளே எறங்கித் தள்ளணுமா?" என்றார்.

கருவிப் பெட்டியில் பழைய சாதாரணப் பிளக்குகள் இருந்தன. பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காஸ் விளக்கை அருகில் பிடிக்கச் சொல்லி, கொதிக்கிற இன்ஜினில் நான்கையும் மாற்றினேன். விரலெல்லாம் கொப்பளித்தது. கார் கிளம்பியது. அதன் பிறகு கும்மென்று, ஒரு இருமல் இல்லாமல் ஊர்வலம் முடிந்தது.

பாராட்டினார்களா? பந்தலுக்குள் நுழைகிறேன், கையில் கிரீஸ், பட்டு வேஷ்டியில் கரி. சம்பந்தி தன் மனிதர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ஜினீயர்னு சொன்னா. கொல்லுப் பட்டறை உத்யோகம்னா பாக்கறார்! பரவாயில்லை, நம்மாத்துக்கு ஒரு டிரைவர் கிடைச்சார்."

எல்லோரும் சிரித்தார்கள். என் சித்தப்பா கூடச் சிரித்தார்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. இதே ஆள், இந்தக் கிரீஸ் கை இல்லாவிட்டால் தன் பிள்ளையை நடுத்தெருவில் தள்ளிக்கொண்டு வந்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. எனக்குக் கோபம் போகவில்லை. போகக் கூடாதா? போகாது!

மறுநாள் காலை, தாலி கட்டி முடித்த சற்று நேரத்தில் ரஷீது வந்தான். பந்தலுக்கு வெளியே, வேலி ஓரமாக நின்றான். யாரும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும்தான். நான் மட்டும் வாசலுக்கு வந்தேன். பஞ்சகச்சம், மேலே அங்கவஸ்திரம், நெற்றியில் பளிச்சென்று திருமண்.

"என்னண்ணே, வண்டி பூரா பூவாக் கிடக்கு?"

"ஜானவாசத்துக்கு எடுத்தேன்."

"மெதுவா ஓட்டக் கூடாதுன்னீங்களே?"

"அதெல்லாம் நான் பார்த்துண்டேன்."

"அப்ப எல்லாம் ரெடிதானே? எடுத்துட்டுப் போகட்டா?"

அவனை நிறுத்தி, "இரு, பிளக் மாத்தணும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கரி பிடித்த பிளக்குகளைச் சுத்தம் செய்து மாட்ட அரை மணிகூட ஆகாது. ஆனால் பந்தல் வாசலில் சம்பந்தி வெற்றிலை மென்றுகொண்டு நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் இவர் கண் முன்னால் நான் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதா?

"ரெடி. எடுத்துண்டு போ" என்றேன்.

இவ்வளவுதான்! ஒரு வெற்றிலை மெல்லுகிற வாய்க்குப் பயந்து...

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை நலங்கு முடிந்ததும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் குளிர்ந்த பிளக்குகளைப் பெட்ரோலில் கழுவித் தேய்த்து எடுத்தேன். விடிந்ததும் முதல் பஸ் பிடித்து, பந்தயம் தொடங்கும் முன் மாற்றிவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ் தாமதம் என்று உங்களிடம் பொய் சொல்லலாம். பஸ் நேரத்துக்குத்தான் போனது. நான் ஓடுதளம் போய்ச் சேர்ந்தபோது பந்தயம் தொடங்கவில்லை. கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஹமீது புது சிலிண்டரை இணைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடிவந்தான்.

"வந்துட்டியா ஐயங்காரே! தங்கச்சி கல்யாணம் நல்லா முடிஞ்சுதா? என் வேலை முடிஞ்சிடுச்சு. உன்னுது எப்பவோ முடிஞ்சது. இன்ஷா அல்லா, இன்னிக்கு நம்ம நாள்!"

பிளக்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மூடினால் மூடியதுதான்!

சுற்றிலும் வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட கனவான்கள். எங்கள் கிழட்டுக் காரைக் காட்டி ஏளனம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய், "நிறுத்துங்கள், கல்யாண ஊர்வலத்துக்குப் போட்ட பிளக் இன்னும் வண்டியில் இருக்கிறது" என்று நான் சொல்ல வேண்டும். முந்தாநாள் சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. இன்னொரு சிரிப்பை என்னால் தாங்க முடியாதென்று தோன்றியது.

வாயுவைச் சற்று நேரம்தான் திறப்பான், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த உருகிய நுனியை என் கையால் எடுத்துப் பார்த்தவன் நான்!

கொடி இறங்கியது. சரியான பிளக்குகள் என் தோள்பையில் இருந்தன. நான் கை தட்டினேன்.

நேர்ப் பாதையின் பாதியில் ரஷீது வால்வைத் திறந்தான். முன்னால் போன இரண்டு கார்களையும் ஒரே பாய்ச்சலில் தாண்டினான். ஹமீது குதித்தான், கத்தினான், என் முதுகில் அறைந்தான். பிறகு அந்தச் சத்தம்... சுத்தியல் சத்தம். அவ்வளவு தூரத்திலும் எனக்குக் கேட்டது. பின்னால் நீலப் புகை. இன்ஜின் இறுகிவிட்டது. பின்சக்கரங்கள் சுழலாமல் வழுக்க, கார் பக்கவாட்டில் திரும்பி, தூக்கியெறிந்தது போல உருண்டது.

எல்லோரும் ஓடினோம். கார் அவன் காலின் மேல் கிடந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒரு லாரியில் அவனைப் போட்டுக்கொண்டு ஹமீது ஆஸ்பத்திரிக்குப் போனான். "நீ வண்டியைப் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் பார்த்தேன்! சுற்றிலும் ஆள் குறைந்ததும், கவிழ்ந்து கிடந்த காரிலிருந்து அந்தச் சாதாரணப் பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்றின் நுனி முழுக்க உருகிப் போயிருந்தது. பையிலிருந்த குளிர்ந்த பிளக்குகளை அந்த இடத்தில் முறுக்கி வைத்தேன். நிதானமாகத்தான் வைத்தேன். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஹமீது அந்தப் பிளக்குகளைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பான். எரிந்த இன்ஜினுக்குள் எரியாத பிளக்! அவன் பார்க்கவில்லை. என் வேலையை அவன் திறந்து பார்க்கிற வழக்கமில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து ஹமீது தரையில் உட்கார்ந்திருந்தான். அந்த உரத்த குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"இன்ஜினைத் திறந்து பாத்தியா?"

"பார்த்தேன். பிஸ்டன் ஓட்டை."

"எதனால? நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லு."

கவனித்தீர்களா? 'யார் தப்பு' என்று அவன் கேட்கவில்லை. தன் தப்பு எங்கே என்றுதான் கேட்டான். என்னைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை! எனக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது. ஏனய்யா இப்படி நம்பினாய்? ஒரு வார்த்தை, 'பிளக் என்னாச்சு' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் உடைந்து விழுந்திருப்பேனே! ... விழுந்திருப்பேனா? தெரியாது. வேண்டாம், அந்தப் புளுகும் வேண்டாம்.

"உன் ஜெட் போதலை போலிருக்கு ஹமீது. வாயு போன அளவுக்குப் பெட்ரோல் போகலை" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போனான். கட்டிலில் கிடந்த தம்பியிடம், "ரஷீது, என் கைத்தப்புதாண்டா. ஜெட்டைக் குறைச்சலாப் போட்டுட்டேன்" என்று சொன்னான். அரை நாழிகை கூட ஆகவில்லை. தான் செய்யாத தப்பை அவனால் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள முடிந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரஷீது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அண்ணனிடம் பேசவில்லை.

ஹமீது அதன்பின் இன்ஜினைத் தொடவில்லை. பட்டறையை என்னிடம் விட்டுவிட்டுப் பெரிய கடை வீதியில் துண்டுத் துணிக் கடை போட்டான். "தம்பி காலை முடமாக்கின பாய்" என்று அவன் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடமே சொன்னார்கள்: "நல்லவேளை சார், அந்த ஆளு போனாரு. இல்லாட்டி உங்க பேரும் கெட்டிருக்கும்." எனக்கு உடம்பெல்லாம் எரியும். "வாயை மூடுய்யா!" என்று ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். அதற்கும் எனக்கு நல்ல பெயர்தான் வந்தது. சிநேகிதனை விட்டுக்கொடுக்காத மனிதனாம் நான்!

ரஷீது லால்குடியில் ஒரு குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். சைக்கிள் கடை வைத்தான். அவர்கள் அம்மா மவுத்தானபோது அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கபரில் ஆளுக்கொரு பக்கம் நின்று மண் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நானும் அங்கே இருந்தேன்.

இந்த வருஷம் ஹமீதின் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. ஒருநாள் கடைக்கு வரச்சொல்லி அனுப்பினான். போனேன். தாடியெல்லாம் நரைத்திருந்தது. ஸ்டூலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னான்.

"ரங்கு, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். நீ லால்குடி போயி ரஷீதைக் கூப்பிடணும். நான் போனா மூஞ்சியைத் திருப்பிக்குவான். நீ சொன்னா கேப்பான்."

"நான் சொன்னா எப்படி..."

"ஊரே என் முதுகுக்குப் பின்னாடி பேசிச்சு. என் மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொன்னவன் நீ ஒருத்தன்தான். அது அவனுக்கும் தெரியும். அவன் மடியில வளர்ந்த பொண்ணு, ரங்கு. சச்சா வரலேன்னா அழுவா."

போனேன். போகிற வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு. பஸ்ஸில் வாக்கியங்களைக் கூடக் கோத்து வைத்தேன்.

ரஷீது கடை வாசலில் முக்காலியில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குக் கம்பி முடுக்கிக்கொண்டிருந்தான். கட்டைக்கால் பக்கத்தில் சாத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். அவன் பெண் குழந்தை மோர் கொண்டுவந்து கொடுத்தது.

வந்த காரியத்தைச் சொன்னேன். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அவரு ஜெட்டு தப்பாப் போட்டாருங்கிறது நிச்சயந்தானா? எங்கண்ணன் கை தப்பாதே அண்ணே. இத்தனை வருஷமா அதுதான் எனக்குள்ளே அறுக்குது. வேற ஏதாவது ஆகியிருந்தா சொல்லிடுங்க. அவரு தப்பு இல்லேன்னு நீங்க சொன்னா, கடையைச் சாத்திட்டு இப்பவே உங்க கூட வந்துடறேன்."

நான் உண்மையைச் சொல்ல அவனே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அவனே மேலும் சொன்னான்:

"வேற எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா கழுத்தை நெரிச்சிருப்பேன். அண்ணனாப் போயிட்டாரே, அதான் பேசாம மட்டும் இருக்கேன்."

என் கையில் மோர் டம்ளர். அந்தக் குழந்தை என் பக்கத்திலேயே நின்று, நான் குடித்து முடிக்கக் காத்துக்கொண்டிருந்தது.

"பழசை எல்லாம் இப்ப எதுக்குக் கிளறணும் ரஷீது... நடந்தது நடந்துபோச்சு" என்றேன்.

அவன் கண்ணிலிருந்த என்னவோ அணைந்துபோனது. "அப்ப நிச்சயந்தான்" என்றான். மறுபடி கம்பியை முடுக்க ஆரம்பித்தான்.

'ஏன் சொல்லவில்லை?' என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! கழுத்தை நெரிப்பான் என்ற பயமா? இல்லை. நெரித்தால் நெரிக்கட்டும். "உள்ளதைச் சொல்கிறவன்" என்று இரண்டு பேர் என்னை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ருசியாக இருக்கிறது. ஒரு காலையும் இரண்டு சகோதரர்களின் வாழ்க்கையையும் தின்றுவிட்டு வந்த பெயர்! சம்பந்தியின் வெற்றிலை வாய்க்குப் பயந்தவன் என்று என்னைச் சொன்னேனே, அது பாதிதான். என்னை யாரும் குறைவாகப் பார்க்கக் கூடாது. அதற்காக நான் எதையும் செய்வேன் போலிருக்கிறது.

இப்போது இதையும் எழுதிவிட்டேன். அவர்கள் இருவருக்கும் இம்மாதிரி எழுத்தெல்லாம் படிக்கிற பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். என்ன மனிதன் பாருங்கள்!

"வரமாட்டேன்னுட்டான்" என்று ஹமீதிடம் சொன்னேன். "நீ முயற்சி பண்ணினியே, அது போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நிக்காஹ் போன வெள்ளிக்கிழமை நடந்தது. பெண்ணின் தகப்பனுக்குப் பக்கத்தில் சித்தப்பா உட்கார ஜமுக்காளத்தில் இடம் விட்டிருந்தார்கள். நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜ்ரத் வந்து உட்கார்ந்த பிறகும் ஹமீது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பின்வரிசையில் இருந்த என்னைத் தேடிவந்து கையைப் பற்றி இழுத்தான்.

"தம்பி இடம் காலியாக் கிடக்க வேணாம். நீ வா."

நான் போய் அதில் உட்கார்ந்தேன்.